படகு போன மயிலாப்பூர்

சாயங்காலம் அடையாற்றுப் பக்கம் படகேறினால், இரவெல்லாம் பக்கிங்காம் கால்வாயில் போய் விடிகிற வேளைக்கு மாமல்லபுரம் சேர்ந்துவிடலாம். கிழக்குக் கடற்கரைச் சாலை வருவதற்கு வெகுகாலம் முன்பு, சென்னைக்காரர்கள் சிற்பம் பார்க்கப் போன வழி அது. காற்று அடித்தால் பாய் விரிப்பார்கள். காற்று விழுந்துவிட்டால் படகுக்காரர் கரையில் இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு நடப்பார். 1930-களில் பாரதிதாசன் நண்பர்களோடு இப்படிப் போய்வந்து ‘மாவலிபுரச் செலவு’ எழுதினார். உல்லாசப் பயணம்தான். ஆனாலும் படகை ஒருவன் தோளால் இழுத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்துக் கவிஞருக்கு மனம் பொறுக்கவில்லை. அந்தப் பாட்டில் நிலவும் தண்ணீரும் இருக்கின்றன. கயிறு இழுத்த அந்த மனிதனும் இருக்கிறான்.

இன்று மயிலாப்பூரிலோ தி.நகரிலோ ஒரு குடும்பம் ஆற்றுப் பயணம் போக ஆசைப்பட்டால் அசாமின் குவாஹாட்டிக்கு விமானம் ஏறலாம். படுக்கையறைகளும் சாப்பாட்டுக் கூடமும் கொண்ட கப்பல்கள் அங்கே பிரம்மபுத்திராவில் பல ஆண்டுகளாக ஓடுகின்றன. 2023 ஜனவரியில் வாரணாசியில் புறப்பட்ட ‘கங்கா விலாஸ்’ கப்பல் வங்கதேசம் வழியாகச் சுமார் 3,200 கி.மீ. போய் அசாமின் திப்ருகட்டை அடைந்தது. அந்தப் பயணத்துக்குத் திட்டமிட்டது 51 நாட்கள்.

போகத் தகுந்த இடம்தான், சந்தேகமில்லை. காசிரங்காவின் புல்வெளிகளில் ஒற்றைக் கொம்பு காண்டாமிருகங்கள் மேய்கின்றன. 2022 கணக்கெடுப்பில் அவை 2,613. ஆற்றுக்குள் ஓங்கில்கள் முதுகு காட்டி மூழ்கும். சிவசாகரில் ஆகோம் அரசர்களின் ரங் கர் மண்டபம் நிற்கிறது. இவற்றையெல்லாம் விட மாஜுலித் தீவுதான் மனதைப் பிடித்துக்கொள்கிறது. சங்கரதேவர் வளர்த்த வைணவ பக்தி இயக்கத்தின் மடங்கள், அவர்கள் சொல்லும் சத்ராக்கள், அங்கே இன்றும் உயிரோடு இருக்கின்றன. சாமகுரி சத்ராவில் மூங்கில் பின்னி, அதன்மேல் களிமண்ணில் தோய்த்த துணியை ஒட்டி, சாணமும் மண்ணும் பூசி முகமூடி செய்கிறார்கள். பாவனா என்ற சமய நாடகத்தில் ராவணனும் பூதனையும் அந்த முகங்களோடு வருவார்கள். தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

கரையோரத்தில் மிசிங் பழங்குடி மக்களின் வீடுகள். மூங்கில் கால்கள்மேல் உயரத்தில் தளம் போட்டுக் கட்டியவை. ஆண்டுதோறும் வெள்ளம் வரும் என்று தெரிந்து, தண்ணீர் கீழே போகட்டும் என்று விட்டுக் கட்டிய வீடு அது. தளத்துக்கு அடியில் பெண்கள் தறி நெய்கிறார்கள். பயணிகள் இறங்கி நின்று, ஆற்றோடு வாழத் தெரிந்த ஜனங்கள் என்று வியக்கிறார்கள். அந்த வியப்பு உண்மையானது. அதில் கொஞ்சத்தை நம் ஊர் ஆற்றங்கரைக்கும் எடுத்துவர வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டப்படி பார்த்தால் பிரம்மபுத்திராவும் நம் பக்கிங்காம் கால்வாயும் ஒரே குடும்பம். சதியாவிலிருந்து துப்ரி வரை 891 கி.மீ. பிரம்மபுத்திராவை 1988-ல் தேசிய நீர்வழி எண் 2 என்று அறிவித்தார்கள். 2008-ல் அறிவித்த எண் 4-ல் பக்கிங்காம் கால்வாய் இருக்கிறது. அதாவது மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுப் பாலத்துக்குக் கீழே கறுத்துக் கிடக்கிறதே, அந்தத் தண்ணீரும் தேசிய நீர்வழிதான்.

அந்தக் கால்வாயை வெட்டியவர்கள் கதையைச் சொல்லாமல் நகர முடியவில்லை. வடக்கே எண்ணூர் வரையிலான பகுதி 1806-ல் பேசில் காக்ரேன் என்ற வணிகரின் பணத்தில் உருவானது. கூவத்தையும் அடையாற்றையும் சேர்க்கும் சுமார் 8 கி.மீ. பகுதி, அதாவது மயிலாப்பூர் வழியாகப் போவது, 1877–78 தாது வருஷப் பஞ்சத்தில் தோண்டியது. பட்டினியில் ஊரைவிட்டு வந்தவர்களுக்கு நிவாரண வேலை என்று மண்வெட்டியைக் கொடுத்தார்கள். 1877-ல் பஞ்ச ஆய்வுக்கு இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியை எவ்வளவு குறைத்தார் தெரியுமா? ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும். இது உயிர் தரிக்கப் போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். கால்வாய்க்குப் பெயர் வைத்தபோது ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரை வைத்தார்கள். தோண்டியவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

பிறகு அந்த வழியாகத்தான் நகரத்தின் அடுப்பு எரிந்தது. சவுக்கு விறகு, உப்பு, நெல், சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் எல்லாம் படகில் வந்தன. லஸ் பக்கம் தண்ணித்துறை மார்க்கெட் என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லாரி வந்தது, 1960-களிலும் 70-களிலும் அடித்த புயல்கள் கால்வாயைத் தூர்த்தன, சாக்கடை சேர்ந்தது. கடைசியில் பறக்கும் ரயில். 1997-ல் திருமயிலை வரை ரயில் வந்தபோது அதன் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கிவிட்டன. இடம் மிச்சம் பிடித்தோம், வழியை இழந்தோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நுங்கம்பாக்கத்திலிருந்து நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1920-களில் வடித்து தி.நகர் எழுப்பியதும் இதே கணக்கில்தான்.

அப்படியும் அடையாறு சாகவில்லை. 1867-ல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப்காரர்கள் இன்றும் அந்த ஆற்றில் துடுப்பு போடுகிறார்கள். திரு.வி.க. பாலம் தாண்டினால் ஆறு அகலமாகிறது. தென்கரையில் 1882-ல் வந்து அமர்ந்த தியாசபிகல் சொசைட்டியின் தோப்பு. ருக்மிணி தேவி 1936-ல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கியது அந்த மரங்களுக்கிடையேதான். வடகரையில் தொல்காப்பியப் பூங்கா. குப்பையும் கட்டட இடிபாடும் கிடந்த 58 ஏக்கரைச் சீராக்கி 2011-ல் திறந்தார்கள். நீர்க்காகமும் நாரையும் மீன்கொத்தியும் அங்கே வருகின்றன. முகத்துவாரத்துச் சேற்றில் குளிர்காலத்தில் உள்ளான்கள் மேயும். ஆறு கடலில் சேரும் இடத்துக்குத் தெற்கே, பெசன்ட் நகர் மணலில் ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. மாணவர்கள் இரவு முழுக்க நடந்து அந்த முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் காக்கிறார்கள். 1988-லிருந்து நடக்கிற வேலை இது. காண்டாமிருகம் இல்லை. ஆனால் கிண்டியில் 2.7 சதுர கி.மீ. காட்டுக்குள், நகரத்தின் நடுவில், வெளிமான் இருக்கிறது.

கரையில் ஜனங்களும் இருக்கிறார்கள். வடக்கே சீனிவாசபுரம், தெற்கே ஊரூர் குப்பம். இரண்டும் மீனவர் ஊர். மணல்திட்டு எப்போது வாயை அடைக்கும், எந்தக் காற்றுக்கு மடவை மீன் உள்ளே வரும், எந்த மழைக்குப் பிறகு இறால் கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மிசிங் மக்களின் அறிவுக்கு இது எந்த விதத்தில் குறைந்தது? 2015-ல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் சூழலியல் செயல்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமனும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா தொடங்கினார்கள். சபாவுக்குள் இருந்த கச்சேரி மீன்வலைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. மயிலாப்பூர்க்காரர்கள் பலர் அந்தத் தெருவுக்குள் முதல்முறையாக நடந்தார்கள் என்றால் மிகையில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம். ஏரிகளிலிருந்தும் ஓடைகளிலிருந்தும் வந்த தண்ணீரோடு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த நீரும் சேர்ந்து அடையாறு கரை புரண்டது. அதன்பின் ஆற்றோரக் குடிசைகளில் இருந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். வேலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் இங்கே. வீடு மட்டும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால். வீட்டு வேலைக்குப் போன பெண்கள் பலர் பஸ் கூலிக்கும் நேரத்துக்கும் ஈடுகொடுக்க முடியாமல் வேலையை விட்டார்கள். ஆற்றின் இடத்தை அடைத்துக்கொண்டவர்கள் அவர்கள் மட்டும்தானா? ஏரியில் எழுந்த குடியிருப்புகளும் வெள்ள வடிகாலில் நிற்கும் பெரிய கட்டடங்களும் அசையாமல் இருக்க, குடிசைக்கு மட்டும் ஆக்கிரமிப்பு என்று பெயர். இதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

அசாமிலும் கரை கரைகிறது. மாஜுலி நூறாண்டுகளில் பாதிக்கும் மேல் நிலத்தை ஆற்றுக்குக் கொடுத்திருக்கிறது. வீடிழந்தவர்கள் அங்கேயும் நிறைய. ஆனால் அந்த ஆற்றில் படகு பயணிகளுக்கானது மட்டுமல்ல. நிமாதி படித்துறையிலிருந்து மாணவரும் நோயாளியும் சைக்கிளும் மாடும் அன்றாடம் அக்கரை போகும் வழி அது. கரை ஜனங்களிடமிருந்து ஆற்றைப் பிரித்துவிட்டு அங்கே படகுத்துறை கட்ட முடியாது.

அடையாற்றில் சுற்றுலாப் படகு விட வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. வேண்டாம் என்று சொல்லமாட்டேன், நானும் ஏறுவேன். முதலில் மாம்பலம் கால்வாய் வழியாகவும் பக்கிங்காம் வழியாகவும் வரும் சாக்கடையை நிறுத்த வேண்டும். முகத்துவாரத்து மணலை எப்போது, எங்கே வெட்டுவது என்று அங்கே வலை வீசுகிறவர்களைக் கேட்க வேண்டும். படகுக்கான உரிமத்தைச் சீனிவாசபுரத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் கொடுக்க வேண்டும், ஒப்பந்தக்காரருக்கு அல்ல. பயணிக்கு வழிகாட்டியாக நின்று இது மடவை, இது முகத்துவாரம், இங்கேதான் எங்கள் வீடு என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். அப்படிச் சொல்ல, படகு ஓடும் நாளில் அந்த வீடு கரையிலேயே இருக்கவேண்டும்.