மருந்துக்குச் சாகாத புழுவும் மருந்தில் மடியும் குளவியும்

மாணவர்களே, சந்தையில் முட்டைக்கோஸ் வாங்கும்போது அம்மா என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? கையில் எடுத்து ஒரு சுற்று திருப்பிப் பார்ப்பார். இலையில் ஓட்டை தென்பட்டால் அதை அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். அந்த ஓட்டையைப் போட்டது யார்? அதைத் தடுக்கப் போய் மனிதர்கள் எப்படி மாட்டிக்கொண்டார்கள்? அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

ஓட்டை போட்டவரின் பெயர் வைரமுதுகு அந்துப்பூச்சி. ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இல்லாத பூச்சி. இறகுகளை மடித்து உட்காரும்போது அதன் முதுகில் மூன்று வைர வடிவங்கள் வரிசையாகத் தெரியும். பயிரைத் தின்பது இந்த அந்துப்பூச்சி அல்ல. அதன் பச்சை நிறப் புழு. முட்டையிலிருந்து வந்ததும் அது இலைக்கு உள்ளேயே சுரங்கம் தோண்டிக்கொண்டு வாழும். கொஞ்சம் வளர்ந்ததும் வெளியே வந்து இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்னும். பல இடங்களில் மேல்தோலை மட்டும் விட்டுவைக்கும். அதனால் இலையில் சின்னச் சின்னக் கண்ணாடிச் சன்னல்கள் வைத்ததுபோல் இருக்கும். தொட்டால் துள்ளி, மெல்லிய நூல் ஒன்றை விட்டுக்கொண்டு கீழே தொங்கிவிடும்.

கோஸ், காலிஃபிளவர், கைலான், கடுகுக்கீரை என்று கடுகுக் குடும்பத்துப் பயிர்கள்தான் இதன் உணவு. கடுகைக் கடித்தால் மூக்கில் ஏறுகிறதே, அந்தக் காரம் மற்ற பூச்சிகளை விரட்டச் செடி வைத்திருக்கும் ஆயுதம். இந்தப் புழுவுக்கோ அதுவே விருந்துக்கு அழைப்பு.

கேமரன் மலையை நினைத்துப் பாருங்கள். அங்கே பனிக்காலம் கிடையாது. ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பாத்தியில் கோஸ் இருக்கும். ஆகவே ஆண்டு முழுவதும் புழுவும் இருக்கும். சமவெளியின் சூட்டில் இந்தப் பூச்சி ஓராண்டில் இருபது தலைமுறைக்கு மேல் எடுத்துவிடும். மனிதக் குடும்பத்தில் இருபது தலைமுறை என்றால் நானூறு, ஐந்நூறு ஆண்டுகள்!

தலைமுறைக் கணக்கை எதற்குச் சொல்கிறேன் என்றால், விவசாயிகளின் தலைவலியே அதில்தான் இருக்கிறது. ஒரு தோட்டத்தில் பூச்சிக்கொல்லி அடித்தால் பெரும்பாலான புழுக்கள் செத்துவிடும். பிறப்பிலேயே அந்த மருந்தைத் தாங்கும் மரபணு உள்ள சில புழுக்கள் மட்டும் பிழைக்கும். அடுத்த தலைமுறை அவற்றின் பிள்ளைகள். மறுபடி மருந்து, மறுபடி தேர்வு. ஆண்டுக்கு இருபது தேர்வு எழுதும் மாணவன் எவ்வளவு தேறிவிடுவான் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 1953இல் இந்தோனேசியாவின் ஜாவா தீவிலிருந்து ஒரு செய்தி வந்தது. டிடிடி மருந்துக்கு இந்தப் பூச்சி இனிச் சாவதில்லை என்பதுதான் அது. பயிர்களைத் தாக்கும் பூச்சிகளில் டிடிடியைத் தாங்கியதாகப் பதிவான முதல் பூச்சி இதுவே. அதன் பிறகு வந்த புதுப்புது மருந்துகளுக்கும் அதே கதிதான். கேமரன் மலையிலும் அப்படியே நடந்தது. மருந்து பலிக்காதபோது விவசாயி என்ன செய்வார்? அளவைக் கூட்டுவார், இரண்டு மூன்றைக் கலப்பார், அடிக்கடி அடிப்பார். செலவு ஏறும். எச்சம் நம் தட்டுக்கும், மழைநீரோடு ஆற்றுக்கும் போகும். புழு மட்டும் அப்படியே இருக்கும்.

இங்கேதான் குளவிகள் வருகின்றன. குளவி என்றதும் கொட்டுமே என்று பயப்பட வேண்டாம். இவை கொசு அளவே உள்ளவை. உங்கள் கையில் உட்கார்ந்தால்கூடத் தெரியாது. கோடீசியா என்ற கறுப்புக் குளவி ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர்தான். டயடெக்மா அதைவிடச் சற்றுப் பெரியது. இரண்டும் ஒட்டுண்ணிக் குளவிகள். ஆனால் பேன், உண்ணி போன்ற ஒட்டுண்ணிகளோடு இவற்றைச் சேர்க்க முடியாது. பேன் நம் தலையில் வாழும், நம்மைக் கொல்லாது. கொன்றால் நட்டம் அதற்குத்தான். இந்தக் குளவியின் குஞ்சோ தான் வளர்ந்த உடலைக் கொன்றுவிட்டுத்தான் வெளியே வரும்.

நடப்பது இதுதான். தாய்க் குளவி புழுவைக் கண்டதும் முட்டையிடும் ஊசியால் குத்தி, அதன் உடலுக்குள் ஒரு முட்டையை வைக்கிறது. புழு சும்மா இருப்பதில்லை. வழக்கம்போல் நூலில் தொங்கித் தப்பப் பார்க்கும். கோடீசியா அந்த நூலைப் பிடித்துக்கொண்டே துரத்திப் போகும். டயடெக்மா வேறு ரகம்: நூல் தொங்கும் இடத்திலேயே அசையாமல் காத்திருந்து, ஆபத்து போய்விட்டது என்று புழு மேலே ஏறி வரும்போது மறுபடி குத்தும். எனக்கு இதில் டயடெக்மாவைத்தான் பிடிக்கும்.

உள்ளே போன முட்டைக்கு இன்னொரு ஆபத்து உண்டு. அந்நியப் பொருள் எதுவும் உடலுக்குள் வந்தால், புழுவின் இரத்த அணுக்கள் அதைச் சூழ்ந்து மூச்சுத் திணற வைத்துவிடும். அதைத் தடுக்கக் குளவி முட்டையோடு சேர்த்து ஒரு வைரஸையும் உள்ளே செலுத்துகிறது. அந்த வைரஸ் புழுவின் தற்காப்பை முடக்குகிறது. வைரஸைக் குளவி எங்கிருந்தும் பிடித்து வருவதில்லை. அதன் மரபணுக்கள் குளவியின் சொந்த மரபணுக்களோடு கலந்து, தாயிடமிருந்து பிள்ளைக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன.

புழு அதன் பிறகும் நடமாடும், தின்னும். உள்ளே குளவிப்புழுவும் வளரும். கோடீசியாவின் குஞ்சு புழுவின் தோலைத் துளைத்து வெளியே வந்து, இலையின்மேல் சிறிய வெள்ளைக் கூடு கட்டும். டயடெக்மாவின் குஞ்சு இன்னும் பொறுமைசாலி. புழு தனக்கு வலைபோன்ற கூடு பின்னி முடிக்கும்வரை விட்டுவைத்து, பிறகு அதைத் தின்று தீர்த்து, அந்த வலைக்குள்ளேயே தன் கூட்டைக் கட்டிக்கொள்ளும். டயடெக்மா சேர்ந்த குளவிக் குடும்பத்தைப் பற்றி டார்வின் 1860இல் தம் நண்பருக்கு எழுதினார்: கருணையுள்ள கடவுள் இப்படி ஒரு பிராணியை வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப முடியவில்லையாம். டார்வின் கோஸ் பயிரிட்டுப் பிழைக்கும் விவசாயியாக இருந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பாரோ என்னவோ.

சரி, இவ்வளவு திறமையான குளவி இருக்கும்போது புழு ஏன் பெருகியது? மருந்து அடிக்கும்போது இளம்புழு இலைச் சுரங்கத்துக்குள் பத்திரமாக இருக்கலாம். குளவியோ இரை தேடி இலைக்கு இலை ஓடிக்கொண்டிருக்கும். மருந்தை முழுதாக மிதித்துச் சாகும். அப்படியும் ஒரு அந்துப்பூச்சியும் ஒரு குளவியும் பிழைத்தன என்று வையுங்கள். அந்துப்பூச்சிக்குத் தோட்டம் முழுவதும் கோஸ் இருக்கிறது. குளவிக்கு முட்டையிடப் புழுக்கள் சிலவே மிஞ்சியிருக்கும். ஆகவே முதலில் மீண்டு பெருகுவது எப்போதும் புழுதான். அதைத் தடுக்கக் குளவியும் இல்லை. எதிரியைக் கொல்ல அடித்த மருந்து, எதிரியின் எதிரியை ஒழித்துவிட்டது.

செம்பனைத் தோட்டங்களில் எலிகளைப் பிடிக்க ஆந்தை வளர்ப்பதைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். உயிரியல் கட்டுப்பாடு என்ற அதே முறையைத்தான் கோஸ் தோட்டத்திலும் முயன்றார்கள். டயடெக்மா ஐரோப்பாவின் குளவி. இங்கிலாந்திலிருந்து 1936இல் நியூசிலாந்துக்குப் போனது. அங்கிருந்து 1950இல் ஜாவாவுக்கு வந்தது. 1970களின் நடுவில் கேமரன் மலையிலும் அதை விட்டார்கள். கோடீசியா அங்கே ஏற்கெனவே இருந்தது. டயடெக்மா உடனே சாதித்துவிடவில்லை. மருந்து மழை ஓயாத தோட்டங்களில் அது எப்படித் தலைதூக்கும்? ஆனாலும் மெல்லப் பரவி, 1980களின் முடிவில் ஆய்வாளர்கள் மறுபடி கணக்கெடுத்தபோது, மலைத் தோட்டங்களில் முன்னணிக் குளவியாக இருந்தது. மருந்தை நிறுத்தியோ குறைத்தோ பார்த்த இடங்களில் அது வேலை செய்வது நன்றாகத் தெரிந்தது.

சமவெளியில் டயடெக்மாவை விட்டால் பலன் இல்லை. அதற்குக் குளிர்ச்சி வேண்டும். சூட்டில் தாக்குப்பிடிப்பது கோடீசியா. எந்த ஊருக்கு எந்தக் குளவி என்று பார்த்துத்தான் விட வேண்டும்.

குளவி இருக்கும்போது விவசாயி மருந்தே தொடக்கூடாதா? தொடலாம், எதை, எப்போது என்பதுதான் கேள்வி. பிடி எனப்படும் பாக்டீரியா மருந்து, தின்ற புழுவின் குடலில் மட்டும் வேலை செய்யும்; இலைமேல் ஓடும் குளவியைத் தொடாது. அதையே நம்பி ஓயாமல் அடித்தாலும் ஆபத்துதான். ஹவாயில் அந்த மருந்தையும் இந்தப் பூச்சி தாங்கத் தொடங்கியதாக 1990இல் அறிக்கை வந்தது. ஆகவே இப்போது சொல்லப்படும் வழி, வாரக் கணக்கில் அடிப்பதல்ல. செடிகளைப் புரட்டிப் பார்த்து, புழுக்கள் எத்தனை, குளவிக் கூடுகள் எத்தனை என்று எண்ணிவிட்டு முடிவு செய்வது. வரப்போரம் பூச்செடிகள் இருந்தால் இன்னும் நல்லது. வளர்ந்த குளவிக்கு உணவு தேன்தான்.

அந்த எண்ணிக்கையை நீங்களும் எடுக்கலாம். பள்ளித் தோட்டத்திலோ தொட்டியிலோ மருந்து அடிக்காத கடுகுக்கீரை இருந்தால், இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வலைபோன்ற கூட்டுக்குள் பச்சையாகவோ மஞ்சளாகவோ கூட்டுப்புழு தெரிந்தால், அது அந்துப்பூச்சி. வலைக்குள் ஒளி புகாத பழுப்பு உருளை இருந்தால் டயடெக்மா. மலையில் இருப்பவர்களுக்குத்தான் அது கிடைக்கும். வலையே இல்லாமல் வெள்ளைக் கூடு தனியாக ஒட்டியிருந்தால் கோடீசியாவாக இருக்கலாம். இலையோடு கிள்ளி ஒரு போத்தலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் ஏதோ ஒன்று வெளியே வரும். குளவியாக இருந்தால் கொண்டுபோய் அதே செடியருகே திறந்துவிடுங்கள்.