ரத்தம் கொடுத்தாச்சு, ரிப்போர்ட் எங்கே?

"காலையிலேயே ரத்தம் கொடுத்துட்டேன் டாக்டர்."

"கம்ப்யூட்டர்ல ஒண்ணும் வரலையேம்மா!"

ஆய்வகத்தில் போய்க் கேட்டால், "நாங்க அப்பவே அனுப்பிட்டோமே" என்பார்கள். பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். அப்படியானால் ரிப்போர்ட் எங்கே போனது?

மருத்துவமனையில் ஓ.பி. பதிவு, ஆய்வகம், ஸ்கேன், மருந்தகம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மென்பொருள் இருக்கலாம். இவை ஒன்றோடொன்று பேசுவதற்கென்றே பொதுவான முறைகள் உள்ளன. ஆய்வக முடிவுகளுக்கு 'எச்.எல்.7', ஸ்கேன் படங்களுக்கு 'டைகாம்'. இருந்தும் தகவல் வழியில் நின்றுவிடுவது உண்டு.

எங்கே தடுக்கிறது?

முதல் காரணம், ஆள் அடையாளம். பழைய சீட்டை வீட்டில் வைத்துவிட்டுப் புதுச் சீட்டு போட்டால், ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு எண் வந்துவிடும். ரிப்போர்ட் ஒரு எண்ணில் இருக்கும். டாக்டர் இன்னொரு எண்ணைத் திறந்து பார்ப்பார். இனிஷியல் முன்னால், பின்னால் மாறினாலும் தேடும்போது சிக்காது.

இரண்டாவது, இணைப்பு. தகவல் வந்து சேர்ந்ததும் எதிர்முனை 'கிடைத்தது' என்று பதில் அனுப்ப வேண்டும். நடுவில் நெட்வொர்க் போய்விட்டால் ரிப்போர்ட் வரிசையிலேயே காத்திருக்கும்.

இதன் விலை நோயாளிக்குத்தான். மறுபடியும் ஊசி, மறுபடியும் ஒரு நாள் கூலி இழப்பு. ரத்தத்தில் பொட்டாசியம் மிக அதிகமாக இருந்தால் இதயத் துடிப்பே பாதிக்கப்படும். அந்த முடிவு சில மணி நேரம் தாமதமானால்கூட உயிருக்கு ஆபத்து.

நீங்கள் செய்யக்கூடியவை

• ஓ.பி. சீட்டையும் ஆய்வகச் சீட்டையும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த முறை பழைய எண்ணையே சொல்லுங்கள்.

• ரத்தம் எடுக்கும்போது குழாயில் ஒட்டும் லேபிளில் உங்கள் பெயரும் எண்ணும் சரியா என்று பாருங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

• ரிப்போர்ட் வரவில்லையா? மறுபடி ரத்தம் கொடுக்கும் முன், மாதிரி எண்ணைச் சொல்லி ஆய்வகத்தில் தேடச் சொல்லுங்கள்.

• 14 இலக்க 'ஆபா' எண்ணை இலவசமாகப் பெறலாம், கட்டாயம் இல்லை. 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனின் ஒரு பகுதி இது. எண் எடுத்தால் மட்டும் போதாது. மருத்துவமனைப் பதிவை அதனுடன் இணைக்கச் சொல்ல வேண்டும். வேறு மருத்துவமனை உங்கள் பதிவைப் பார்க்க உங்கள் ஒப்புதல் தேவை. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் முடியும். ஆபா பற்றிய சந்தேகங்களுக்கு 14477 என்ற எண்ணை அழைக்கலாம்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் டாக்டர் அதைப் பார்த்துவிட்டாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.