கிறித்தவத்தில் விசுவாசம், நற்கிரியை, மீட்பு

மனிதர் மீட்படைவது விசுவாசத்தாலா, அவர் செய்யும் நற்செயல்களாலா, இரண்டாலுமா என்பது கிறித்தவ இறையியலின் மிகப் பழைய வினாக்களில் ஒன்று. 16ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பியத் திருச்சபை கத்தோலிக்கம், சீர்திருத்தம் எனப் பிளவுபட்டபோது நடுவில் நின்றது இவ்வினாவே. 18ஆம் நூற்றாண்டில் அந்த இரு சபைகளும் கொள்ளிடத்தின் இரு பக்கங்களிலும் இருந்துகொண்டு தமிழிலேயே எழுதி வாதாடின. கடலூர், சிதம்பரம், தரங்கம்பாடி வட்டாரத்தில் இது ஏட்டோடு நிற்கவில்லை. ஆலயத்தில் யார் யாரோடு உட்காருவது, ஒரே கிண்ணத்தில் யார் குடிப்பது என்ற கேள்வியாகவும் அது எழுந்தது.

சொற்கள்

தமிழில் இப்பொருளைப் படிப்பவர் முதலில் தடுமாறுவது சொற்களில்தான். சீர்திருத்தத் திருச்சபையினரின் பழைய மொழிபெயர்ப்பில் விசுவாசம், கிரியை, இரட்சிப்பு, நீதிமானாக்கப்படுதல் என்று இருப்பவை, கத்தோலிக்கரும் பிறரும் சேர்ந்து உருவாக்கி 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் நம்பிக்கை, செயல், மீட்பு, ஏற்புடையவராதல் என்று வருகின்றன. பொருள் ஒன்றே.

‘கிரியை’ என்றதும் சிதம்பரம் பக்கத்து மாணவருக்குச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் சைவ நெறிகள் நினைவுக்கு வரும். வீட்டில் பெரியவர்களுக்கு ஈமக்கிரியை நினைவுக்கு வரும். இங்கே அது வழிபாட்டுச் சடங்கைக் குறிக்கும் சொல் அன்று. மனிதர் செய்யும் செயல் என்பதே அதன் பொருள். ‘விசுவாசம்’ என்பதும் எசமானிடம் வேலைக்காரர் காட்டும் நன்றியுணர்வு அன்று. கடவுள் கிறித்து வழியாகச் செய்ததை நம்பி, தன்னை அவரிடம் ஒப்படைப்பதையே அது குறிக்கிறது. கடவுள் இருக்கிறார் என்று ஒத்துக்கொள்வது மட்டும் விசுவாசம் ஆகாது. அப்படி ஒத்துக்கொள்வதைப் பேய்களும் செய்கின்றன என்கிறது யாக்கோபு நிருபம் (2:19).

வேதாகமத்தில்: பந்தியும் இருக்கையும்

இவ்வினாவில் எப்போதும் எதிரெதிராக நிறுத்தப்படுபவை இரண்டு பகுதிகள். நியாயப்பிரமாணத்தின் கிரியைகள் இல்லாமல் விசுவாசத்தினாலேயே மனிதர் நீதிமானாக்கப்படுகிறார் என்கிறார் பவுல் (ரோமர் 3:28). விசுவாசத்தினால் மாத்திரம் அல்ல, கிரியைகளினாலும் என்கிறது யாக்கோபு நிருபம் (2:24). இரண்டும் ஆபிரகாமையே சான்றுக்கு அழைக்கின்றன. பவுல் சுட்டுவது, பிள்ளையில்லாத ஆபிரகாம் கடவுளின் வாக்கை நம்பிய ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தை. யாக்கோபு சுட்டுவது, மகனைப் பலியிட மலையேறிய 22ஆம் அதிகாரத்தை. நம்பியது முன்னே, செயல் பின்னே என்று வரிசைப்படுத்தி இரண்டையும் இணைத்துவிடுவது பலரும் சொல்லும் தீர்வு. அது தவறில்லை. ஆனால் இரு எழுத்துகளும் எந்தச் சூழலில் எழுந்தன என்பதையும் பார்க்க வேண்டும்.

பவுல் இக்கருத்தை முதலில் எடுத்துரைக்கும் இடங்களில் ஒன்று கலாத்தியர் 2ஆம் அதிகாரம். அங்கே நடப்பது ஒரு பந்திச் சண்டை. அந்தியோகியா நகரில் யூதரல்லாத விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டு வந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். மற்ற யூதரும் அவரைப் பின்பற்றினர். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கண்டித்தார். அந்தக் கண்டனத்தின் தொடர்ச்சியாகத்தான், கிரியைகளால் அல்ல, விசுவாசத்தால் என்ற வாதம் வருகிறது (2:11-16). அங்கு அவர் முதன்மையாகக் குறிப்பிடும் ‘கிரியைகள்’ விருத்தசேதனம், உணவு விலக்கு, நாள் பார்த்தல் போன்றவை. ஒருவரை உள்ளே, மற்றவரை வெளியே என்று பிரிக்கும் அடையாளங்கள் இவை. ஏழைக்குச் சோறு போடுவதைப் பவுல் எங்கும் குறை சொல்லவில்லை. அவரே பஞ்சத்தில் இருந்த எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் திரட்டியவர்.

யாக்கோபின் இரண்டாம் அதிகாரமும் இருக்கையில்தான் தொடங்குகிறது. பொன் மோதிரம் போட்டவருக்கு நல்ல இடம், அழுக்கு உடுப்புக்காரருக்கு ‘அங்கே நில், கீழே உட்கார்’ என்ற கட்டளை. இதைச் செய்கிற சபையைப் பார்த்தே செயலில்லாத விசுவாசம் செத்தது என்று அந்நிருபம் சொல்கிறது. ஆக, இருவரின் வழி வேறானாலும் இருவரும் எதிர்த்துப் பேசும் நோய் ஒன்றே. தேர்வுக்காக ‘பவுல்: விசுவாசம், யாக்கோபு: கிரியை’ என்று இரண்டு கட்டம் போட்டு மனப்பாடம் செய்யும் மாணவர் இதைத் தவறவிட்டுவிடுவர்.

இவற்றோடு வாசிக்க வேண்டியவை: அருளையும் விசுவாசத்தையும் சொல்லிவிட்டு அடுத்த வசனத்திலேயே மனிதர் நற்செயலுக்காகவே படைக்கப்பட்டார் என்னும் எபேசியர் 2:8-10, பசித்தவருக்கு உணவிட்டதையே தீர்ப்பின் அளவுகோலாகக் காட்டும் மத்தேயு 25, எந்த நற்செயலும் செய்ய நேரமில்லாமல் சிலுவையில் மீட்படைந்த கள்வனைப் பற்றிய லூக்கா 23.

ஐரோப்பிய வாதம்

மனிதர் தம் முயற்சியாலேயே நல்லவராகலாம் என்ற பெலாஜியுசின் கருத்தைத் திருச்சபை 5ஆம் நூற்றாண்டிலேயே மறுத்துவிட்டது. அதை எதிர்த்து அதிகம் எழுதியவர் அகுஸ்தீன். ஆகவே ‘கத்தோலிக்கர் நற்செயலால் மீட்பை வாங்கலாம் என்கிறார்கள்’ என்பது சரியான விவரிப்பு அன்று. ஆனால் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாவத்துக்குரிய தண்டனையைக் குறைக்கும் மன்னிப்புச் சீட்டுகள் காசுக்கு விற்கப்பட்டது உண்மை. அதை எதிர்த்தே மார்ட்டின் லூத்தர் 1517-இல் தம் 95 கருத்துரைகளை வெளியிட்டார். 1522-இல் வந்த தம் ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் ரோமர் 3:28-இல் ‘மட்டுமே’ என்ற சொல்லைச் சேர்த்தார். யாக்கோபு நிருபத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். ஆனால் அவரும் நற்செயல் வேண்டாம் என்று சொல்லவில்லை. மரம் நல்லதானால் கனி தானே வரும், கனியால் மரம் நல்லதாவதில்லை என்பது அவர் தரப்பு.

இதற்குக் கத்தோலிக்கத் திருச்சபை திரெந்து சங்கத்தில் 1547 சனவரியில் விடை தந்தது. தொடக்கம் முழுவதும் கடவுளின் அருளே. ஆனால் மனிதர் அந்த அருளுக்கு இசைந்து ஒத்துழைக்கிறார், அருளில் நின்று செய்யும் நற்செயல்களால் அவர் பெற்ற நீதி வளர்கிறது என்றது அச்சங்கம்.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள நம் வட்டாரத்திலேயே ஓர் ஒப்புமை உண்டு. சேத்தியாத்தோப்பிலிருந்து வீராணம் ஏரிக்கரையோடு தெற்கே போனால் நாதமுனிகள் பிறந்த காட்டுமன்னார்கோயில். அவர் வழிவந்த வைணவத்தில் பிற்காலத்தில் வடகலையார், குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல உயிர் இறைவனைப் பற்ற வேண்டும் என்றனர். தென்கலையாரோ, பூனைக் குட்டியைத் தாய் கவ்விச் செல்வதுபோல இறைவனே காப்பான் என்றனர். சமயங்கள் வேறு, ஆனால் அருளுக்கு முன் மனித முயற்சியின் இடம் எவ்வளவு என்ற கேள்வி ஒன்றே.

தமிழகத்தில்

லூத்தரன் போதகர் சீகன்பால்க் 1706 சூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம் ஏலாக்குறிச்சியில் இருந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் இதற்கு எதிராக ‘வேதவிளக்கம்’ (1728) எழுதினார். தரங்கம்பாடியார் வெளியிட்ட ‘திருச்சபைப் பேதகம்’ என்ற நூலுக்கு விடையாகப் ‘பேதகமறுத்தல்’ எழுதினார். தேம்பாவணி பாடிய கை, நக்கலும் கோபமும் கலந்த உரைநடையும் எழுதியது.

இவ்வாதத்தின் நடுவே வாழ்ந்த இரண்டு தமிழரைப் பற்றிப் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை. ஒருவர் கடலூரில் சைவ வேளாளர் குடும்பத்தில் பிறந்த ஆறுமுகம். 1718-இல் திருமுழுக்குப் பெற்று ஆரோன் ஆனார். 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்று, இந்தியாவின் முதல் லூத்தரன் சுதேசி குருவானார். மற்றவர் தஞ்சாவூர் மன்னர் படையில் சேவைக்காரராக இருந்த கத்தோலிக்கர் இராசநாயக்கன். தமிழில் அச்சான நற்செய்தி நூல்களைத் தாமே வாசித்து லூத்தரன் சபைக்கு வந்தவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உபதேசியாராக உழைத்தவர். 1741-இல் அடுத்த குருப்பட்டம் தியோகு என்பவருக்குப் போயிற்று. பறையர் குலத்தவரான இராசநாயக்கனுக்குக் கடைசிவரை அது கிடைக்கவில்லை. அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறித்தவர் தயங்குவர் என்பது மிஷனரிகளின் கணக்கு. கடவுள் முன் பிறப்பும் பெருமையும் எண்ணப்படுவதில்லை, விசுவாசம் மட்டுமே எண்ணப்படும் என்று போதித்த சபையே இக்கணக்கைப் போட்டது. அந்தியோகியாப் பந்தி நினைவுக்கு வராமல் போகாது.

19ஆம் நூற்றாண்டில் இது வெளிப்படையாக வெடித்தது. ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சாதி வேறுபாட்டைச் சபைகள் உடனே கைவிட வேண்டும் என்று ஆணையிட்டார். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் முதலியோர் சாதி உலக வழக்கு, மீட்போடு அதற்குத் தொடர்பில்லை என்று எதிர்த்தனர். லைப்சிக் லூத்தரன் மிஷனின் தலைவர் கார்ல் கிரவுலும் சாதியைச் சட்டம் போட்டு ஒழிக்கக் கூடாது, நற்செய்தி அதை மெல்லக் கரைக்கும் என்றார். விசுவாசம் மட்டுமே போதும் என்ற கோட்பாடு இங்கே சாதிக்குக் கேடயமாயிற்று என்பதை மறைப்பதற்கில்லை. அதே மிஷனைச் சேர்ந்த ஓக்ஸ் இதை ஏற்காமல் பிரிந்து, கடலூருக்கு அருகே மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே பணி தொடங்கினார். டேனிஷ் மிஷன் அதை எடுத்து நடத்தியது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லூத்தரன் திருச்சபை அதன் வழிவந்தது.

கத்தோலிக்கத் தரப்பும் இதில் தூயது அன்று. திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளம் ஆலயத்தில் இரு சாதியாருக்கும் நடுவே சுவரே இருந்தது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது.

இன்றைய நிலை

1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் ஓர் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதர் கடவுளுக்கு ஏற்புடையவராவது தம் தகுதியால் அன்று, அருளால், கிறித்துவில் வைக்கும் விசுவாசத்தால். அந்த அருளே அவரைப் புதுப்பித்து நற்செயலுக்கு ஆயத்தமாக்குகிறது என்பது அதன் சாரம். மெதடிஸ்டுகள் 2006-இலும் சீர்திருத்த மரபுத் திருச்சபைகளின் உலகக் கூட்டமைப்பு 2017-இலும் இதில் இணைந்தனர். நற்செயலுக்குப் ‘பேறு’ உண்டா, ஏற்புடையவரான பின்னும் மனிதரைப் பாவி என்றே சொல்லலாமா என்பவற்றில் வேறுபாடு தொடர்கிறது. கிழக்கத்திய மரபுத் திருச்சபைகளோ இந்த வழக்காடலில் அதிகம் கலந்துகொண்டதில்லை. மீட்பை அவை கடவுளின் வாழ்வில் பங்குபெற்று வளர்வதாகவே பேசுகின்றன.

கையெழுத்தான அறிக்கையைத் தமிழகத்து மாணவர் வாசிக்கும்போது உடன் வைத்துப் பார்க்க வேண்டிய ஆவணம் இன்னொன்றும் உண்டு. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை அது. திருச்சபைக்குள் தீண்டாமை இன்னும் நிலவுவதை அது ஒப்புக்கொண்டு, அதைப் பாவம் என்றே அழைக்கிறது. கல்லறைத் தோட்டங்களில் இன்றும் சாதிவாரியாகப் பிரிந்த பகுதிகளைத் தமிழகத்தில் சில ஊர்களில் காணலாம்.