மாதவிடாய் சீராகக் கருத்தடை மாத்திரை ஏன்?

மாணவர்களே, கேமரன் மலையில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்திருக்கிறீர்களா? பறித்த கொழுந்தை முதலில் வாட்டுவார்கள். பிறகு இயந்திரத்தில் உருட்டுவார்கள். இலையின் செல்கள் உடைந்ததும், அவற்றில் உள்ள நொதி காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு கேட்டகின் என்ற பொருளை மாற்றத் தொடங்கும். பச்சை இலை செம்பு நிறமாகும். இதுவே ஆக்சிஜனேற்றம். சரியான நேரத்தில் சூடான காற்றால் உலர்த்தி அதை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாவிட்டால் தேயிலையின் சுவை கெட்டுவிடும்.

நம் உடலிலும் ஆக்சிஜனேற்றம் நடக்கிறது. உணவிலிருந்து சக்தி எடுக்கும்போது, செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் ஃப்ரீ ரேடிக்கல் எனப்படும் நிலையற்ற மூலக்கூறுகள் உண்டாகின்றன. குளூட்டாதயோன் போன்ற தடுப்பான்கள் அவற்றை அடக்கி வைக்கின்றன. தடுப்பான்களால் சமாளிக்க முடியாத அளவுக்கு அவை பெருகினால் செல்லின் கொழுப்பு, புரதம், டிஎன்ஏ ஆகியவை சேதமடையும். இந்த நிலைக்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர்.

இது பிசிஓஎஸ் எனும் சினைப்பைக் கோளாறு உள்ள பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. 1935இல் சிகாகோ மருத்துவர்கள் ஸ்டெய்னும் லெவென்தாலும் இக்கோளாறை விவரித்தார்கள். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் 10 முதல் 13 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மக்கள் இதை 'நீர்க்கட்டி' என்பார்கள். உண்மையில் அவை கட்டிகள் அல்ல. முழுமையாக வளராமல் நின்றுபோன கருமுட்டைப் பைகள். பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதை ஈடுகட்ட உடல் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. அது சினைப்பையைத் தூண்ட, டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்கள் அதிகரிக்கின்றன. முகப்பருவும் முகத்தில் முடியும் வரலாம். முட்டை வெளியேறாததால் மாதவிடாய் தள்ளிப்போகும். கருப்பையின் உட்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போகும். பல ஆண்டுகள் இப்படியே விட்டால் புற்றுநோய் அபாயம் கூடும்.

இங்குதான் மாத்திரை வருகிறது. அதிலுள்ள ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சினைப்பையைத் தூண்டும் எல்எச் ஹார்மோனைக் குறைக்கின்றன. டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைக்கும் புரதத்தைக் கல்லீரல் அதிகம் சுரக்கிறது. உட்சுவரும் தடிக்காமல் காக்கப்படுகிறது. ஆகவே, திருமணமாகாத அக்காவின் கையில் இந்த மாத்திரையைப் பார்த்துத் தவறாக நினைப்பது அறியாமை. அது அவருக்கு மருந்து. மாணவர்களில் ஆண்பிள்ளைகளும் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஆனால், மாத்திரை எல்லாவற்றையும் சரிசெய்வதில்லை. ஹார்மோன் சீரானாலும் இன்சுலின் கோளாறு அப்படியே இருக்கக்கூடும். மாத்திரை எடுக்கும் பெண்களின் இரத்தத்தில் ஆக்சிஜனேற்றமடைந்த கொழுப்பு கூடியிருப்பதைச் சில ஆய்வுகள் கண்டுள்ளன. அதற்காகப் பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. மாத்திரையோடு உடற்பயிற்சி, சத்தான உணவு, போதிய தூக்கம் மூன்றும் வேண்டும் என்பதே இதன் பொருள். உடற்பயிற்சி இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவுகிறது. உடலின் சொந்தத் தடுப்பான்களையும் வலுப்படுத்துகிறது.

பச்சைத் தேநீர் குடித்தால் போதுமா? அதிலுள்ள கேட்டகின் ஒரு தடுப்பான்தான். ஆனால் தேநீர் சிகிச்சைக்கு மாற்று ஆகாது.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது? பூப்படைந்த முதல் ஆண்டில் மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வருவது இயல்பு. அதன் பிறகு ஒருமுறையாவது 90 நாளுக்கு மேல் வராவிட்டாலும், மூன்று ஆண்டுகள் கடந்தும் 35 நாளுக்கு மேல் இடைவெளி நீடித்தாலும், 15 வயதாகியும் பூப்படையாவிட்டாலும் அம்மாவிடம் சொல்லுங்கள். தேதிகளை நாட்காட்டியில் குறித்து, அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்குக் கொண்டு செல்லுங்கள்.

தோழியின் மாத்திரையை வாங்கிச் சாப்பிடாதீர்கள். இரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்களுக்கும் சிலவகை ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். யாருக்கு எந்த மாத்திரை ஏற்றது என்பதை மருத்துவரே பரிசோதித்து முடிவு செய்வார்.