தோற்றவருக்கு ஒரு பாயிண்ட்

ஜூன் மாதத்தின் முதல் செவ்வாய் நெருங்கிவிட்டது. அரிசோனாவில் மான், பிக்ஹார்ன் ஆடு வேட்டைக்கு விண்ணப்பிக்கும் கெடு அன்று இரவு 11.59-க்கு முடிகிறது. அரிசோனா நேரப்படி என்பதை டெக்சஸிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் கவனிக்க வேண்டும். கோடையிலும் கடிகாரத்தைத் திருப்பி வைக்காத மாநிலம் இது. சீசன் தேதிகளும் பகுதி எண்களும் துறையின் கையேட்டில் இருப்பதால் இங்கே அடுக்கவில்லை. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேட்பதும் அதை அல்ல. வருடா வருடம் பணம் கட்டுகிறோம், டேக் வரவில்லை, பாயிண்ட் மட்டும் ஏறுகிறதே, இது என்ன கணக்கு என்றுதான் கேட்கிறார்கள்.

கணக்கு இதுதான். உரிமம் என்பது வேட்டைக்காரர் என்ற அடையாளம் மட்டுமே. ஒரு மியூல் மானைச் சுட வேண்டுமானால் அந்தப் பகுதிக்கும் அந்தத் தேதிகளுக்குமான தனிச் சீட்டு வேண்டும். அதைத்தான் டேக் என்கிறார்கள். விழுந்த விலங்கின் உடலோடு சேர்க்க வேண்டிய சீட்டு அது. (சுட்டுக் கொல்வதைத் துறையின் மொழியில் ‘அறுவடை’ என்பார்கள். விதைத்தது யார் என்று கேட்கக் கூடாது.) கேட்பவர்களைவிட டேக் குறைவு, ஆகவே குலுக்கல். தோற்றவருக்கு ஆறுதலாக ஒரு போனஸ் பாயிண்ட்.

ஒரு வேட்டைக்கு 100 டேக் என்று வைத்துக்கொள்வோம். முதல் 20, அந்த வேட்டையை விண்ணப்பத்தின் முதல் இரண்டு விருப்பங்களில் எழுதியவர்களில் அதிகப் பாயிண்ட் உள்ளவர்களுக்குப் போகும். மீதிக்குத்தான் அந்தச் சாமர்த்தியமான ஏற்பாடு. கணினி ஒவ்வொருவருக்கும் ஒரு எண் தருகிறது. கூடவே பாயிண்டுக்கு ஒன்று வீதம் கூடுதல் எண்கள். அவற்றில் மிகச் சிறியதை மட்டும் உங்கள் எண்ணாக வைத்துக்கொள்கிறது. சிறிய எண்காரர் முன்னால் நிற்பார். எண்கள் 1 முதல் 1000 வரை என்று கொண்டால், பாயிண்டே இல்லாத புதியவருக்குச் சராசரியாக 500-ஐ ஒட்டி வரும். ஒன்பது பாயிண்ட் உள்ளவருக்குப் பத்து எண்கள். சிறியது சராசரியாக 91. இருபத்தைந்து பாயிண்ட் என்றால் 37. ஆனாலும் புதியவருக்கு ஒரே எண்ணாக 3 விழலாம், பழையவரின் இருபத்தாறு எண்களும் 200-க்கு மேலேயே நின்றுவிடலாம். நம்பிக்கை யாருக்கும் அற்றுப்போகாது, உறுதியும் யாருக்கும் கிடையாது. இவ்வளவு அழகான குலுக்கலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

உறுத்தல் அடுத்த அடியில் இருக்கிறது. நம் ஊர் குலுக்கல் சீட்டில் இருபது பேர் சேர்ந்தால் இருபதாம் மாதம் கடைசி ஆள் கைக்கும் பணம் வந்துவிடும். இந்தச் சீட்டுக்குக் கடைசி மாதமே இல்லை. வருடந்தோறும் புதிய ஆட்கள் சேர்கிறார்கள். தோற்ற எல்லோருக்கும் ஒரு பாயிண்ட் ஏறும்போது வரிசை மொத்தமும் ஒரு படி மேலே போகிறது. முன்னால் நிற்பவர் முன்னாலேயே நிற்கிறார். இன்று சேருபவர், போன வருடம் சேர்ந்து இன்னும் ஜெயிக்காதவரை எண்ணிக்கையில் எட்டிப் பிடிக்கவே முடியாது.

நிற்பதற்கும் செலவுண்டு. ‘பாயிண்ட் மட்டும் போதும்’ என்று விண்ணப்பித்தாலும் உரிமம் கட்டாயம். வெளிமாநிலத்தவருக்கு உரிமம் 160 டாலர், விண்ணப்பக் கட்டணம் 15. இன்றைய விலையில் இருபது வருடம் நின்றால் 3,500 டாலர். ஒரு தோட்டாகூட வெடித்திருக்காது. உள்ளூர்வாசிக்கு 37-உம் 13-உமாக ஆயிரம் டாலர். தொடர்ந்து ஐந்து வருடம் விண்ணப்பிக்காவிட்டால் சேர்த்த பாயிண்ட் போய்விடும். விடாமல் ஐந்து வருடம் விண்ணப்பித்தால் ‘விசுவாசப் பாயிண்ட்’ ஒன்று உபரி. பெயர் வைத்தவருக்கு வியாபாரம் தெரிந்திருக்கிறது.

மாநிலத்தின் பொது நிதியிலிருந்து வரிப்பணம் வாங்குவதில்லை என்று அரிசோனா வனவிலங்கு, மீன் துறை பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். உண்மைதான். உரிமக் கட்டணம் ஒருபுறம். இன்னொருபுறம் 1937-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது வசூலாகும் கலால் வரி மாநிலங்களுக்குப் பகிரப்படுகிறது. இந்தப் பகிர்வில் பாதி நிலப்பரப்பைப் பொறுத்தது, பாதி பணம் கட்டி உரிமம் வாங்கியவர்களின் தலைக்கணக்கைப் பொறுத்தது. காட்டுக்கே போகாமல் வரிசையில் நிற்பவரும் அதில் ஒரு தலை. இதைச் சதி என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரிசை நீளமாக இருப்பதில் நஷ்டப்படாத ஒரே தரப்பு, வரிசையை நடத்தும் தரப்புதான்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

எல்க் மானுக்கு இப்போது விண்ணப்பிக்கலாமா? முடியாது, அது பிப்ரவரியோடு போயிற்று.

உள்ளூர்வாசி என்றால் யார்? ஆறு மாதமாக இங்கே குடியிருந்து, வேறு மாநிலத்தில் வசிப்பதாக உரிமை கோராதவர்.

வெளிமாநிலத்தவருக்கு எத்தனை டேக்? பத்து சதவீதம்வரை, 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வரம்பைச் சந்தேகித்தது, 2005-இல் நாடாளுமன்றம் மாநிலங்களின் பக்கம் சாய்ந்து சட்டம் போட்டது.

எச்1பி விசாவில் இருப்பவர்? தற்காலிக விசாக்காரர் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. விலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அது காலாவதியானால் விலக்கும் போகும், ஆகவே வக்கீலைக் கேட்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

குழந்தைகள்? பெருவிலங்குக்குப் பத்து வயது நிறைய வேண்டும். பதினான்கு வரை பயிற்சிச் சான்றிதழும் வேண்டும்.

மரத்தில் கேமரா கட்டி மானைக் கண்காணிக்கலாமா? 2022 ஜனவரியிலிருந்து வேட்டைக்காகக் கூடாது.

ஈயத் தோட்டா? காண்டார் கழுகுகள் பறக்கும் கைபாப் பகுதியில் தவிர்க்கச் சொல்லி வேண்டுகோள்தான் உண்டு. கலிபோர்னியா 2019-லேயே தடை செய்துவிட்டது.

பழங்குடியினர் நிலத்தில்? அவர்கள் சட்டம், அவர்கள் சீட்டு.

குலுக்கலே வேண்டாம் என்பவர்? முயல் வருடம் முழுக்க, புறா செப்டம்பர் 1 முதல், காடை அக்டோபர் முதல். புறாவுக்கு மட்டும் உரிமத்தோடு ஒரு முத்திரையும் வாங்க வேண்டும்.

கடைசியாக, விண்ணப்பத்தில் ஐந்து விருப்பங்களுக்கு ஐந்து கட்டங்கள் இருக்கும். காலியாக விட்டால் ஏதோ இழந்ததுபோல் தோன்றி, கடைசிக் கட்டத்தில் கண்ணில் பட்ட வேட்டை எண்ணைப் போட்டுவிடுபவர்கள் உண்டு. அந்த டேக் வந்துவிட்டால் விசுவாசப் பாயிண்டும், வேட்டைப் பயிற்சி முடித்தவருக்குக் கிடைக்கும் பயிற்சிப் பாயிண்டும் தவிர மான் கணக்கில் மற்றதெல்லாம் பூஜ்யம். வெள்ளைவால் மானும் மியூல் மானும் ஒரே கணக்குதான். போக விரும்பாத காட்டின் எண்ணை எழுதாதீர்கள். பணம் கட்டும் வங்கி அட்டையின் காலாவதித் தேதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்; டேக் பணத்தைக் குலுக்கலுக்குப் பிறகுதான் பிடிப்பார்கள்.