ரிப்போர்ட் நார்மல், ஆள் படுக்கையில்

1955 ஜூலையில் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் டாக்டர், நர்ஸ், அலுவலகத்தார் என்று ஊழியர்களே வரிசையாகப் படுத்தார்கள். மொத்தம் 292 பேர். மருத்துவமனையையே சில மாதம் மூட வேண்டியதாயிற்று. காய்ச்சல் போன பிறகும் சிலருக்குத் தசை வலியும் அசதியும் விடவில்லை. இப்படி விடாத அசதிக்குத்தான் பின்னாளில் நாட்பட்ட களைப்பு நோய் என்று பெயர் வந்தது. அங்கே தொற்றுநோய் மருத்துவராக இருந்த மெல்வின் ராம்சே, இது உடம்பில் உள்ள நோய்தான் என்று கடைசிவரை வாதாடினார். சின்ன வேலை செய்தாலும் தசைக்குப் பழைய பலம் திரும்ப நாளாகிறது என்பதை அவர் கவனித்திருந்தார்.

1970-இல் மெக்இவெடி, பியர்ட் என்ற இரு மனநல மருத்துவர்கள் பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிவிட்டு, இது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். நோயாளிகளை நேரில் பார்க்கவில்லை. படுத்தவர்களில் பெண்கள் அதிகம் என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. நர்சுகள் நிறைந்த இடத்தில் வேறு யார் அதிகம் படுப்பார்கள்? ஆனாலும் அந்தப் பேச்சு பல வருஷம் ஓடியது. ரத்தப் பரிசோதனை சரியாக வந்துவிட்டால், "உங்களுக்கு ஒன்றுமில்லை, மனசுதான்" என்று அனுப்பிவிடுவது டாக்டருக்கும் சுலபமாக இருந்தது.

இதே மாதிரி ரிப்போர்ட்டில் சிக்காத, உடம்பெங்கும் வலிக்கும் ஃபைப்ரோமையால்ஜியாவுக்காவது 1990-இல் ஒரு கணக்கு கிடைத்தது. உடம்பில் 18 இடங்களைக் குறித்து வைத்தார்கள். டாக்டர் கட்டைவிரலை ஊன்றி, நகம் வெளுக்கும்வரை, சுமார் 4 கிலோ எடைக்கு அழுத்துவார். பிடரி, தோள், முழங்கை, முழங்கால் என்று 11 இடத்தில் வலித்தால் நோய் உண்டு. பத்தில் நின்றுவிட்டால்? அந்தக் கேள்விக்கு விரலிடம் பதில் இல்லை. 2010-இல் வந்த புதிய அளவுகோல் அந்த அழுத்தலையே விட்டுவிட்டு, எங்கெல்லாம் வலி, எழும்போது அசதி இருக்கிறதா, மறதி எப்படி என்று வாயால் கேட்கச் சொன்னது.

இரண்டு நோய்க்கும் உறுதி சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்றும் கிடையாது. மாறியது டாக்டர் கேட்கும் கேள்விதான். நாட்பட்ட களைப்பு நோயைத் தெரிந்த மருத்துவர் இப்போது, "துணி துவைத்த மறுநாள் எப்படி இருந்தது? எழுந்து நடமாட எத்தனை நாளாயிற்று?" என்று விசாரிக்கிறார். பத்து நிமிஷம் நிற்க வைத்து நாடியும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார். வேலைக்குப் பின் தெம்பு திரும்ப நாளாகிறது என்று ராம்சே கண்டதையே 2015-இல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் வெளியிட்ட அறிக்கையும் நோயின் முக்கிய அடையாளமாக வைத்தது.

சிகிச்சைதான் தலைகீழானது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு, களைப்பு நோய்க்கு 2007-இல் உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டச் சொன்னது. 2021-இல் அது வேண்டாம் என்று எடுத்துவிட்டது. சில மருத்துவர் சங்கங்கள் முரண்டு பிடித்ததில் வெளியீடே சில வாரம் தள்ளிப்போனது. இனி, இருக்கும் தெம்புக்குள் நாளை ஓட்டுவதே வழி.

ஃபைப்ரோமையால்ஜியாவுக்கோ உடற்பயிற்சிதான் முதல் மருந்து. இரண்டும் சேர்ந்தே பலருக்கு இருக்கிறது. அப்படி ஒருவர் எதிரே உட்கார்ந்து, "நடக்கலாமா டாக்டர்?" என்று கேட்டால், எத்தனை அடி என்பதை அந்த ஒருவருக்கென்று அளந்துதான் சொல்ல வேண்டியிருக்கிறது, அடுத்த முறை வரும்போது அதையும் மாற்ற வேண்டியிருக்கலாம்.