முழங்கால் நாரும் எலும்பின் தேய்வும்

தாப்பாவைச் சூழ்ந்த தோட்டங்களில் ரப்பர் மரங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு இடம் விட்டன. சடுகுடுவும் பந்தாட்டமும் இளைஞரை விட்டு அகலவில்லை. பாடிச் சென்றவன் சட்டெனத் திரும்புகிறான்; பாதம் மண்ணில் ஊன்றி நிற்க, உடல் மட்டும் சுழல்கிறது. 'மளுக்' என்றோர் ஒலி; முழங்கால் வீங்கிவிடுகிறது. எக்ஸ்ரே படத்தில் முறிவு காணாமையால், "எலும்புக்கு ஒன்றுமில்லை, சுளுக்குத்தான்" என வீட்டார் ஆறுதல் கொள்வர். அவ்வாறுதல் பாதியே உண்மை.

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டின் நடுவே பிணிப்பவை இரண்டு நார்கள். பெருக்கற்குறிபோல் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால் அவை குறுக்கு நார்கள் எனப்படும். அவற்றுள் ஒன்று அறுந்தால், சூழ்ந்த எலும்பும் நாளடைவில் செறிவு குன்றும். பின்லாந்து ஆராய்ச்சியாளர் பெக்கா கன்னுஸ் குழுவினர், அடிபட்ட காலின் குறைவு சிறிதன்று, நிலைத்தும் விடுகிறது என 1992இல் எழுதினர். எக்ஸ்ரேயோ, ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்த பின்னரே இதைத் தெளிவாகக் காட்டும்.

காரணம் யாது? எலும்பு உயிருள்ள பொருள். அதனை அரிக்கும் அணுக்களும் ஆக்கும் அணுக்களும் ஓயாது வேலை செய்கின்றன. சுமை ஏறுமிடத்தில் எலும்பு தடிக்கும், சுமை நீங்குமிடத்தில் மெலியும் என்பதை ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் உல்ஃப் 1892இல் விளக்கினார். டென்னிஸ் ஆடுவோரின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மற்றதினும் தடித்திருப்பது இதனாலேயே. எடையற்ற விண்வெளியில் தங்குவோர்க்கு, தக்க பயிற்சி இல்லாவிடில், இடுப்பெலும்பில் மாதந்தோறும் நூற்றுக்கு 1 முதல் 1.5 பங்கு வரை குறையும். (2007இல் விண்வெளி சென்ற மலேசியர் ஷேக் முசாஃபர் ஷுக்கோர் எலும்பு மருத்துவர் என்பது ஈண்டு நினைக்கத் தக்கது.)

நார் அறுந்தவன் வலிக்கு அஞ்சி மறுகாலில் எடையை வைக்கிறான். தொடைத் தசை சில நாள்களிலேயே வற்றத் தொடங்குகிறது. முழங்காற் சில்லுக்குச் சுமை தருவது அத்தசையின் இழுப்பே; இழுப்புத் தளரவே சில்லும் மெலிகிறது. வீக்கத்தின் அழற்சியும் அரிக்கும் அணுக்களைத் தூண்டுகிறது. புதிய நார் பொருத்தினாலும் இழந்த செறிவு முழுதும் மீள்வது அரிது.

ஆகவே, மூங்கிற் சிம்பு வைத்து வாரக்கணக்கில் அசையாமற் கட்டிவைப்பது, முறிவுக்கு உதவினும், இதற்குப் பொருந்தாது. முதலில் மருத்துவரைக் காண வேண்டும். அவர் இசைந்தால், படுத்தபடியே காலை நீட்டித் தொடைத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைத் தொடக்கத்திலேயே செய்யலாம். பார்ப்பவர்க்கு அது பயிற்சியாகவே தோன்றாது. சில்லுக்கோ அதுவே மீண்டும் ஏறும் முதற் சுமை.